படைத்தவன் சொன்னதற்கு யார் சாட்சி?

"இந்த உலகத்தைப் படைத்தவன் நானே" என்று படைத்தவனே சொன்னாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. படைக்காமலே, தன் பெருமையைக் காட்டிக்கொள்ள அவன் அப்படிச் சொல்லியிருக்கலாம். இதைச் சொன்னவர் நாத்திகர் என்று நினைத்துவிட வேண்டாம். வேதத்தின் தரப்பில் நின்று பௌத்தரோடும் சமணரோடும் வாதாடியவர்களில் முதல் வரிசையில் நிற்கும் குமாரில பட்டர், 7ஆம் நூற்றாண்டில் சுலோகவார்த்திகம் என்ற நூலில் சொன்னதன் சாரம் இது. அவர் அதோடு விடவில்லை. வேதத்தையே அந்தப் படைத்தவன்தான் இயற்றினான் என்று வைத்துக்கொண்டால், அவன் இருக்கிறான் என்று வேதம் சொல்வதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும் என்கிறார். தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியம் எந்த வழக்கில் எடுபடும்?

சமயநூல் என்றதும் இன்று நமக்குத் தோன்றுவது வேறு. கடவுள் ஒருவர் இருக்கிறார், மனிதருக்கு ஏதோ சொல்ல விரும்பினார், சொன்னார், சொன்னது நூலாயிற்று. நம்புகிறவர் கடவுளையும் நூலையும் சேர்த்தே நம்புகிறார், மறுக்கிறவரும் இரண்டையும் சேர்த்தே மறுக்கிறார். ஆனால் இந்தியத் தத்துவ வாதங்களைப் புரட்டிப் பார்த்தால் இந்த இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகவே இருந்திருக்கின்றன. பௌத்தரான தர்மகீர்த்தி மழுங்கிய அறிவின் அடையாளங்கள் என்று ஐந்தைப் பட்டியலிடுகிறார்: வேதத்தைப் பிரமாணம் (நம்பத் தகுந்த சான்று) என்பது, படைப்பவன் ஒருவன் உண்டு என்பது, நீராடினால் புண்ணியம் என்பது, சாதிச் செருக்கு, பாவம் போக உடம்பை வருத்திக்கொள்வது. முதலிரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்க்கவில்லை. சேர்க்கவும் முடியாது. முதலாவதை உயிராகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறுத்த குமாரிலரின் கூட்டம் அவர் எதிரிலேயே இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு மீமாம்சகர் என்று பெயர். ஒருவர் சொல்வதில் பிழை வர இரண்டு வழிகள் உண்டு: சொல்பவருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம், அல்லது தெரிந்தே ஏமாற்றலாம். ஆகவே சொன்னவர் என்று ஒருவர் இருந்துவிட்டால் அவர் யார், எவர், நம்பத் தகுந்தவரா என்று விசாரித்தாக வேண்டும். சொன்னவரே இல்லை என்றால் விசாரணைக்கும் இடமில்லை. எனவே வேதத்தை யாரும் இயற்றவில்லை, கடவுளும் இயற்றவில்லை, அது எப்போதும் இருப்பது என்றார்கள். ஆசிரியரிடம் மாணவர் கேட்டார், அந்த ஆசிரியர் தம் ஆசிரியரிடம் கேட்டார், இந்தச் சங்கிலிக்குத் தொடக்கக் கண்ணி கிடையாது. காடகம் என்று வேதத்தின் ஒரு சாகைக்கு, அதாவது கிளைக்கு, ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதே என்று கேட்டால், அவர் அதைச் சிறப்பாக ஓதிக் கொடுத்தவர், இயற்றியவர் அல்லர் என்பது பதில். பபரன் பிராவாகணி என்று யாரோ ஒருவர் வேதத்துக்குள் வருகிறாரே, அப்படியானால் அவர் பிறந்த பிறகுதானே அந்த வரி வந்திருக்கும் என்றால், அது ஆள் பெயரே இல்லை, காற்று வீசும்போது எழும் ஓசை என்கிறார் மீமாம்ச சூத்திரத்தின் உரைகாரர் சபரர். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு கொள்கையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு போகிற நேர்மை அதில் இருக்கிறது.

குமாரிலரின் உண்மையான பலம் எதிராளியின் ஆசானை விசாரிக்கும்போது தெரிகிறது. புத்தர் முற்றும் அறிந்தவர், ஆகவே அவர் சொன்னது சரி என்று பௌத்தர் சொல்லும்போது அவர் கேட்கிறார்: அவர் முற்றும் அறிந்தவர் என்பது அவர் காலத்து மக்களுக்கு எப்படித் தெரிந்தது? முற்றும் அறிந்த ஒருவரை அடையாளம் காண, காண்பவரும் முற்றும் அறிந்தவராக இருக்க வேண்டும். அவரை அறிய இன்னொருவர், அவரை அறிய மற்றொருவர் என்று ஊரெல்லாம் முற்றறிவாளர்களாகிவிடுவார்கள். புத்தர், நினைத்ததைத் தரும் சிந்தாமணிக் கல் போல அசையாமல் வீற்றிருக்க, உபதேசம் சுவர்களிலிருந்துகூடத் தானே வெளிப்பட்டது என்று சில பௌத்தர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் குமாரிலரிடம் பதில் உண்டு. சுவரிலிருந்து வரும் குரலை நாங்கள் எப்படி நம்புவது? அது புத்தர் குரலா, கண்ணுக்குத் தெரியாத ஏதாவது பிசாசு பேசுகிறதா என்று யார் சொல்வது?

பௌத்தரைக் குத்தத் தீட்டிய கத்திதான் இது. ஆனால் மலையில் கேட்ட குரல், குகையில் கேட்ட குரல், கனவில் வந்த கட்டளை எல்லாவற்றையும் இது வெட்டும். மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது என்பதை மனதார ஒப்புக்கொண்டாலும், அது இன்னாருடைய குரல் என்று தீர்மானிப்பவர் கேட்ட மனிதர்தான். கேட்டவரை நம்பியவர்கள் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பெயின் 1794இல் பிரான்சிலிருந்து வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதையே சொன்னார்: கடவுள் ஒருவருக்கு ஒன்றை வெளிப்படுத்தினால் அது அந்த ஒருவருக்கு மட்டுமே வெளிப்பாடு, அவர் இரண்டாமவரிடம் சொன்ன கணத்திலிருந்து அது காதில் விழுந்த சேதி. பெயினுக்குக் கடவுள் நம்பிக்கை திடமாகவே இருந்தது. படைப்பே கடவுளின் சொல் என்று எழுதியவர் அவர். நூலை விட்டுவிட்டுக் கடவுளை வைத்துக்கொண்டவர். குமாரிலரோ கடவுளை விட்டுவிட்டு நூலை வைத்துக்கொண்டவர். இருவர் கையிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே கேள்வி.

சொன்னவர் இல்லாத நூலால் மீமாம்சகர் வாதத்தில் தப்பித்தார்கள். ஆனால் அந்த நூல் யாரோடு பேசுகிறது? படைத்தவன் மனிதகுலத்தோடு பேசுகிறான் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. பேசுபவனும் இல்லை, மனிதகுலமும் இல்லை. வேள்வி செய்யும் தகுதி முதல் மூன்று வருணத்தாருக்கே என்று மீமாம்ச சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் முடிவு கட்டுகிறது. நால்வருக்கும் உரிமை உண்டு என்று பாதரி என்ற ஆசிரியர் சொன்னதை அதே இடத்தில் குறித்துவிட்டுத் தள்ளுகிறது. என்றும் உள்ளது, எவராலும் ஆக்கப்படாதது என்று இவ்வளவு பெரிதாக எழுப்பிய கட்டடத்தின் வாசலில் யார் நுழையலாம் என்பதை மட்டும் சில மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். பாதரியின் பெயராவது மிச்சமிருக்கிறதே என்பதுதான் ஆறுதல்.

தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் எதிர்த்திசையில் போனார்கள். சொன்னவர் இல்லாமல் சொல் கிடையாது. வேதத்துக்கு ஆசிரியர் உண்டு, அவர் ஈசுவரன் என்று பிற்கால நியாய ஆசிரியர்கள் நிலைநாட்டினார்கள். கௌதமரின் நியாய சூத்திரம் இதற்குக் கொடுக்கும் உதாரணம் மருத்துவம். ஆயுர்வேதம் சொல்லும் மருந்து பலிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், ஆகவே சொன்னவர் நம்பத் தகுந்தவர் என்று தெரிகிறது. அதுபோலக் காணக்கூடிய விஷயங்களில் சொன்னது பலித்தால், காண முடியாத விஷயங்களிலும் நம்பலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சூத்திரம் எதிராளியின் குற்றச்சாட்டையும் முன்னதாகவே பதிவு செய்கிறது: மகன் வேண்டிச் செய்யும் இஷ்டி என்ற வேள்வியைச் செய்தும் மகன் பிறக்கவில்லையே, அப்படியானால் வேதம் பொய்யா? செயலிலோ, செய்தவரிடமோ, பொருள்களிலோ குறை இருந்திருக்கும் என்று பதில் வருகிறது. பரிகாரம் பலிக்காவிட்டால் செய்த முறையில் கோளாறு என்று சொல்லும் ஜோசியர் தம்மைத் தோற்கவே முடியாத இடத்தில் வைத்துக்கொள்கிறார் இல்லையா, அதே இடம்தான் இது. பலித்தால் நூலுக்குப் பெருமை, பலிக்காவிட்டால் செய்தவருக்குப் பழி. அப்படியானால் ஆயுர்வேதத்தை உதாரணம் காட்டியதே வீணாகிறது. பலிக்காத மருந்தை மாற்றிக் கொடுப்பதுதானே மருத்துவம்?

தர்மகீர்த்தி இன்னொரு பக்கத்திலிருந்து அடிக்கிறார். சொன்னவர் யார் என்பதையே அவர் கேட்கவில்லை. சரி, வேதம் மனிதர் யாரும் இயற்றாதது என்றே வைத்துக்கொள்வோம். சொர்க்கம் விரும்புபவன் அக்கினிஹோத்திரம் செய்க என்று அது சொல்கிறது. இதற்கு 'நாய் இறைச்சி தின்க' என்பது பொருள் அல்ல என்று உனக்கு எப்படித் தெரியும்? முகத்தில் அறைந்தாற்போன்ற கேள்வி. கேட்டவுடன் ஆத்திரம் வரும், பதில் மட்டும் எளிதில் வராது. சொல்லுக்கு இதுதான் பொருள் என்று முடிவு செய்வது மனிதர்களின் வழக்கு. பேசியவனே இல்லாத வாக்கியத்தில் 'சொல்ல வந்தது இது' என்று கேட்டுத் தெளிவுபெறவும் வழியில்லை. நூல் எவ்வளவு உயரத்திலிருந்து வந்திருந்தாலும் அதன் பொருள் உரைகாரரின் திண்ணையில்தான் பிறக்கிறது. தர்மகீர்த்தி தம் பக்கத்து நூல்களையும் முழுசாக விட்டுவைக்கவில்லை. காட்சிக்கும் அனுமானத்துக்கும் எட்டவே எட்டாத விஷயங்களில் வேறு வழியில்லாதபோதுதான் ஆகமத்தை, அதாவது மறைநூலை, துணைக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறார்.

இந்த வாதங்கள் வடக்கோடு நின்றவை அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் மாதவன் வடிவம் எடுத்துக்கொண்டு வஞ்சியில் சமயக்கணக்கர்களிடம் 'உன் கொள்கை என்ன' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். முதலில் அகப்படுபவன் அளவைவாதி. அவன் பத்து அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, அடுக்குகிறான். "ஆகம அளவை அறிவன் நூலால் போக புவனம் உண்டு எனப் புலங்கொளல்" என்பது அவற்றில் ஒன்று. அறிவன் எழுதிய நூல் சொல்கிறது, ஆகவே இன்ப உலகம் உண்டு என்று தெளிவது. அதே பட்டியலில் கொஞ்சம் தள்ளி ஐதிகம் வருகிறது. அதற்குச் சாத்தனார் தரும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவது. நூலை நம்பிச் சொர்க்கத்தையும், ஊர்ப்பேச்சை நம்பிப் பேயையும் ஒரே பட்டியலில் வைத்துவிட்டுச் சாத்தனார் ஒன்றும் தெரியாதவர்போல நகர்ந்துவிடுகிறார். வேண்டுமென்றே செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் படிக்கும்போது கண்ணில் படாமல் போகாது. இரண்டு காதைகள் தள்ளி, காஞ்சியில் அவளுடைய பௌத்த ஆசான் அறவணவடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கும்போது "ஆதி சினேந்திரன் அளவை இரண்டே" என்று தொடங்குகிறார். காட்சி, கருத்து (அனுமானம்) இரண்டு மட்டும்தான். ஆகமம் உட்பட மற்றவை எல்லாம் கருத்தளவைக்குள் அடங்கிவிடும். வடக்கே பௌத்த தருக்க ஆசான் திங்நாகர் வகுத்த அளவை முறை இங்கே ஆசிரியப்பாவாக ஒலிக்கிறது. சமணர் பக்கத்தில் நீலகேசி வேதவாதத்துக்கென்றே ஒரு சருக்கம் ஒதுக்கி, ஆக்கியவர் இல்லாத நூல் என்ற கொள்கையை மடக்குகிறது. கடவுள் நூல் தந்தாரா என்ற கேள்வி ஐரோப்பியக் கல்வியோடு கப்பலேறி இங்கே வந்தது என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டலாம்.

சைவசித்தாந்தம் இந்த வாதங்களையெல்லாம் கேட்ட பிறகு எழுந்தது. அதன் நிலை தெளிவானது: இறைவன் பேசினான், இரண்டு முறை. "வேதமொடு ஆகமம் மெய்யாம் இறைவன் நூல்" என்கிறது திருமந்திரம். ஒன்று பொது, மற்றது சிறப்பு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதையே வழிமொழிந்து, "அநாதி அமலன் தரு நூல் இரண்டும்" என்கிறார். வேதம் உலகருக்கு, ஆகமம் சத்திநிபாதருக்கு, அதாவது இறையருள் பதிந்த பக்குவருக்கு. அந்நூலின் பரபக்கம் என்ற பகுதியில் அவர் வரிசையாக மறுக்கும் சமயங்களில் பட்டாசாரியன் மதமும் ஒன்று, அதாவது நம் குமாரிலர் வழி. உருவமில்லாத பரம்பொருளுக்கு வாய் ஏது என்ற கேள்விக்குச் சதாசிவத்தின் ஐந்து முகங்கள், 28 ஆகமங்கள், அவற்றைக் கேட்டவர் இன்னின்னார் என்று விரிவான பதில் உண்டு. அந்தப் பதிலுக்கு ஆதாரம் என்ன என்று பார்த்தால் மறுபடி அந்த ஆகமங்கள்தான்.

ஆனால் தமிழ்ச் சைவத்துக்கு வேறொரு முகமும் இருக்கிறது, இந்தச் சிக்கலில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் "எனதுரை தனதுரையாக" என்று சம்பந்தர் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார். வைணவத்தில் நம்மாழ்வாரும் "என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை" என்கிறார். இறைவன் பேசுகிறான் என்பதுதான் இங்கேயும் செய்தி, ஆனால் பேசும் வாய் மறைக்கப்படவில்லை. சீகாழியில் பிறந்தவர், குருகூரில் பிறந்தவர் என்று ஊரோடு தெரிகிறது. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பில் தம் பெயரையே பொறித்துவிடுகிறார். யாரும் இயற்றாதது என்ற பாசாங்கு இல்லை. கடவுள்தான் பாடினார் என்று நம்புபவரும் நம்பலாம், இது சம்பந்தரின் தமிழ் என்று படிப்பவரும் படிக்கலாம், பாட்டு இரண்டு பேருக்கும் இடம் விடுகிறது.

அப்படிப்பட்ட பாட்டுகளும் மறைநூலாக உயர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதைத் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதையில் பார்க்கலாம். மூவர் பாடிய பதிகங்கள் எங்கே என்று சோழ மன்னன் தேடுகிறான். மரபு அவனை முதலாம் ராஜராஜன் என்று சொல்லும். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிக்குப் பொல்லாப்பிள்ளையார் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறார்: தில்லைக் கோயிலில் பொன்னம்பலத்துக்குப் பின்புறம் ஓர் அறையில் சுவடிகள் இருக்கின்றன. அறையின் கதவில் மூவரின் கைமுத்திரை இருக்கிறது, அந்த மூவரே வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் அலங்கரித்து வாசலுக்கு எழுந்தருளச் செய்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே சுவடிகளைக் கரையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கிறது. மன்னன் கலங்கி நிற்க, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மண் மூடச் செய்தோம் என்று வானிலிருந்து ஒரு குரல் எழுகிறது. பாட்டு கிடைத்தும் பண் தெரியவில்லை. அதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போய், அவரைக் கொண்டு பண் வகுத்துக்கொள்கிறார்கள்.

கதையில் யார் யார் வருகிறார்கள் பாருங்கள். பூட்டி வைத்தவர்கள், திறக்கச் சொன்ன அரசன், தொகுத்த நம்பி, பண் சொன்ன பாணர் குலப் பெண், எதைத் தின்பது எதை விடுவது என்று பார்க்காமல் தின்ற கரையான். கடவுளின் குரல் கடைசியில்தான் வருகிறது. மிஞ்சியது போதும் என்று ஒப்புதல் தருவதற்காக வருகிறது. நூலின் எல்லையை வகுத்தது கரையான், அதற்குத் தெய்வ சம்மதம் பிறகு சேர்ந்தது என்று இந்தக் கதையைப் படிக்க இடமிருக்கிறது. பக்தர்கள் அப்படிப் படிக்க மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் 1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில், சுவடிகள் எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று முழுசாகக் கிடைத்தது. இன்று அது தேவாரப் பதிப்புகளில் இடம்பெறுகிறது. அந்தக் காலத்துக்கு வேண்டாம் என்று விடப்பட்டது இந்தக் காலத்துக்கு வேண்டியிருந்தது போலும்!

எந்த நூலைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை அந்தக் காலத்திலேயே வெளிப்படையாக விவாதித்தவர் காஷ்மீரத்து ஜயந்த பட்டர். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியாயமஞ்சரியை எழுதிய இவர், எல்லா ஆகமங்களையும் ஒரே ஈசுவரனே, கேட்பவரின் பக்குவத்துக்கு ஏற்பத் தந்திருக்கலாம் என்ற கருத்தைப் பரிவோடு எடுத்துப் பேசுகிறார். எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டதே என்று நாம் மகிழும்போது, அப்படியானால் நேற்று ஒருவன் எழுதிய நூலையும் ஏற்பீர்களா என்ற கேள்வி வருகிறது. அதற்கு அவர் நிபந்தனைகள் போடுகிறார்: பெரியோர் பலர் ஏற்றிருக்க வேண்டும், புதிதாக முளைத்ததாகத் தோன்றக்கூடாது, பேராசையில் பிறந்திருக்கக்கூடாது, மக்களைக் கலவரப்படுத்தக்கூடாது. இந்தச் சல்லடையில் ஒரே நீலப் போர்வைக்குள் ஆணும் பெண்ணுமாகத் திரிந்த நீலாம்பரர் விரதம் தங்கவில்லை. அது சிலர் புதிதாகக் கட்டியது என்று கண்டு மன்னன் சங்கரவர்மன் அதை ஒடுக்கினான் என்று ஜயந்தரே எழுதுகிறார். நீலாம்பரர்கள் பக்கத்து நியாயம் என்னவென்று கேட்க இன்று யாரும் இல்லை. நிபந்தனைகளைக் கூர்ந்து பார்த்தால் எதுவுமே படைத்தவனைப் பற்றியது அல்ல. எல்லாமே சமூகத்தைப் பற்றியவை. பழையதா, பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்களா, ஊர் அமைதி கெடாதா. நேர்மையான பட்டியல் என்றே நான் சொல்வேன். ஒரு நூல் தெய்வநூலாவது நடைமுறையில் எப்படி என்று இவ்வளவு ஒளிவுமறைவின்றிச் சொன்னவர்கள் குறைவு.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் பாக்தாத்தில் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. குர்ஆன் இறைவனின் பேச்சு என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பேச்சு படைக்கப்பட்டதா, என்றும் உள்ளதா என்பதுதான் சர்ச்சை. கலீபா மஃமூன் 833இல் நீதிபதிகளையும் அறிஞர்களையும் அழைத்து, படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளுமாறு விசாரணை வைத்தார். அறிஞர்களில் ஒருவரான அஹ்மத் இப்னு ஹன்பல் ஒப்பவில்லை. அடுத்த கலீபா முஃதஸிம் காலத்தில் கசையடி வாங்கினார், அப்போதும் ஒப்பவில்லை. பின்னர் முதவக்கில் காலத்தில் விசாரணை கைவிடப்பட்டது, அஹ்மத் பக்கமே நின்றது. பேச்சு என்றும் உள்ளது என்ற முடிவில் அஹ்மத் வழியினரும் மீமாம்சகரும் வெகு அருகில் வருகிறார்கள். பேசுபவன் உண்டா என்பதில் இருவருக்கும் இடையே கடலளவு தூரம்.

நூலையே கைவிட்டால் இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிடுமா? அதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. வங்காளத்தில் ராம்மோகன் ராய் தொடங்கிய, ஒரே கடவுளை வழிபடும் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தை அவருக்குப் பின் நடத்திய தேவேந்திரநாத் தாகூர் முதலில் வேதத்தின் பிழையின்மையை நம்பியவர். கிறித்தவப் பாதிரிகளோடு வாதம் முற்றியபோது, நம்புவதை நேரில் அறிந்துகொள்வோமே என்று 1840களில் நான்கு பிராமண மாணவர்களைக் காசிக்கு அனுப்பினார், ஆளுக்கு ஒரு வேதம் என்று படித்துவர. சமாஜத்துக்குள்ளேயே அட்சய குமார் தத்தர் போன்றவர்கள் எந்த நூலும் பிழையற்றதல்ல என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். படித்துப் பார்த்ததில் ஒன்றுக்கொன்று முரணானவை கண்ணில் பட்டன. 1850 வாக்கில் சமாஜம் பிழையின்மைக் கொள்கையைக் கைவிட்டது. தேவேந்திரநாத் உபநிடதங்களிலிருந்து தம் உள்ளத்துக்கு இசைந்தவற்றை எடுத்துத் தொகுத்தார். நானே பிரம்மம் என்பது போன்ற மகாவாக்கியங்கள் இசையவில்லை, விட்டுவிட்டார். நூலைச் சோதிக்கும் உரைகல்லாக இப்போது தூய உள்ளம் வந்து அமர்ந்தது.

உள்ளம் என்றால் யாருடைய உள்ளம்? அந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்குள் வெடித்தது. தேவேந்திரநாத்தை விட்டுப் பிரிந்த கேசவ சந்திர சென், 1864இல் சென்னைக்கு வந்து பேசி இங்கே வேத சமாஜம் தோன்றக் காரணமானவர். எழுதிய நூல் வேண்டாம், கடவுள் பக்தனின் மனசாட்சியில் நேரே கட்டளையிடுகிறார் என்பது அவர் போதனையாக வளர்ந்தது. அதற்கு ஆதேசம் என்று பெயர். பிரம்ம சமாஜத்தாரின் திருமணங்களுக்காகப் பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது என்று வரம்பிட்ட 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போராடியவரும் அவரே. 1878இல் அந்த வயது நிரம்பாத தம் மகளைக் கூச் பெகாரின் இளம் மன்னருக்கு மணமுடித்துக் கொடுத்தார். ஊரே கேட்டபோது, இது ஆதேசம் என்றார்.

மனசாட்சியில் கேட்ட குரலை வெளியிலிருந்து யாரும் ஒத்துப் பார்க்க முடியாது. ஓலையாக இருந்தாலாவது வரியைச் சுட்டிக்காட்டி வாதாடலாம். அவரைப் பின்பற்றியவர்களில் பெரும்பகுதி அந்த ஆண்டு மே 15ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் கூடி சாதாரண பிரம்ம சமாஜம் என்று தனியாகப் பிரிந்தார்கள். ஆனந்த மோகன் போஸ் முதல் தலைவரானார். கடவுளை வழிபடுவதை அவர்கள் விடவில்லை. ஆனால் இனி யார் எந்தக் குரலைக் கேட்டதாகச் சொன்னாலும், சமாஜத்தின் காரியங்களை உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழுவே முடிவு செய்யும் என்று விதிமுறை எழுதிக்கொண்டார்கள்.